பன்னெண்டு பட்டை

— பின்னாடி ஸ்பிரிங்குல ஒம்போது பட்டை இருக்குது பாய். அது மேல இன்னும் மூணு ஏத்துனா, வண்டி ஜீப்பா இருக்காது, அம்மிக்கல்லா இருக்கும். கேட்டுக்கோ.

— அம்மிக்கல்லாவே இருக்கட்டும் சம்பந்தம். ஐஸும் எறாப் பொட்டியும் ஏத்துற வண்டிக்கி மெத்த ஒண்ணுதான் கொறச்சலா? லாரி ஸ்பிரிங் பட்டைய நறுக்கி வெச்சிக்கிறியே, அதையே போடு.

— போடலாம். லோடு ஏறுனா பின்னாடி ஒக்காராது, வாஸ்தவம். ஆனா காலியா திரும்பி வரச்சொல்ல மணல்ல தவளையாட்டம் குதிக்கும். உன் பல்லு கழண்டு ஸ்டேரிங் மேல வுழும்.

— சொந்தப் பல்லுய்யா. அல்லா குடுத்தது.

— அதான் சொல்றேன். குடுத்தவரு வந்து மறுபடி மாட்டிவுட மாட்டாரு. கேட்டுக்கோ, நான் ஒரு வழி சொல்றேன். மேல ஏத்தாத. இருக்கறதுல ரெண்ட கழட்டிட்டு, நீளமா மெலிசா ஒண்ணு குடுத்து, ஷாக் அப்சர்பர் நாலும் புதுசா மாட்டிடறேன். காட்டூர் பள்ளத்துல எறங்குனா கூட தோணில போற மாரி போவும்.

— தோணில போவணும்னா தோணியே வாங்கியிருப்பேனே. மிலிட்டரி ஏலத்துல இன்னாத்துக்கு ஜீப்பு எடுத்தேன்?

— அப்துல் ஹை பாய், கொஞ்சம் இருங்க. சம்பந்தம், அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க. சரியா?

— வந்துட்டாங்கய்யா. இன்னா நர்சம்மா, இந்த வெயில்ல கொட கூட இல்லாம பட்டறைக்கு வந்துக்கிறீங்க? எங்க ரெண்டு பேருல யாருக்கு ஊசி?

— வண்டிய எறா வண்டியா மாத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். மாத்தக் கூடாது. என்கிட்ட வர்ற கர்ப்பிணிங்க எல்லாம் இதுலதான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. சரியா?

— எமர்ஜென்சி போயி ரெண்டு வருசமாச்சி. நீங்க இன்னும் கூடாதுன்றீங்களே. என் வண்டி, என் பட்டை. பொன்னேரிக்கி பஸ்ஸு ஓடுதே, அதுல போவட்டும்.

— பஸ் டைம் பாத்தா வலி வருது?

— பாய், இந்திராணியம்மா சொல்றது ஞாயந்தான.

— நீ கம்முனு இரு. சொல்லப்போனா நர்சம்மா, என் வண்டியால உங்களுக்கு வேலையே மிச்சம். பிரசவ நாள் தள்ளிப்போன பொம்பளைங்கள ஏத்திக்கினு காட்டூர் வரைக்கும் ஒரு ரவுண்டு வுட்டா போதும், கொழந்த தானா எறங்கி வந்து டிரைவருக்கு சலாம் வெக்கிது. நாலு பேரு பொறந்துக்கிறாங்க என் பின்சீட்டுல. ஒருத்தனுக்கு என் ஜீப்பு பேரையே, வில்லிசுன்னு வெச்சிட்டாங்க.

— சாமியாரு கூட அது ஏதோ வெள்ளக்கார புனிதர் பேருன்னு நெனச்சி ஞானஸ்நானம் குடுத்துட்டாரு.

— சிரிக்காதீங்க சம்பந்தம். அஞ்சாவதா ஒண்ணு இருக்கு. அதை ஏன் பாய் எண்ணல?

— ஏ பாய், பீடிய தலகீழா பத்த வெக்கிற.

— பசியாவரம் மரியம்மா. போன ஆடி மாசம். படகுல வந்து உங்க வண்டில ஏறினா.

— தெரியும். நான்தான ஓட்டுனேன்.

— வண்டி குதிச்சதால கொழந்தை போகல. கொடி கழுத்தைச் சுத்தியிருந்தது. டாக்டரே சொன்னாரு. நானும் உங்ககிட்ட சொன்னேன்.

— சொன்னீங்க. நீங்க டாக்டரு சொன்னத கேட்டீங்க. நான் பின்னாடி அந்தப் பொண்ணு சொன்னத கேட்டுக்கினே போனேன். பள்ளத்துக்குப் பள்ளம் ‘மெதுவா அண்ணா, மெதுவா அண்ணா’ன்னுச்சி. மெதுவா போனா நேரம் ஆவுது, வேகமா போனா தூக்கிப் போடுது. நான் இன்னா பண்ணட்டும்? அந்தத் துணி மூட்டைய என் கைலதான் குடுத்தாங்க. அன்னியிலேந்து பசியாவரம் படகுத்துறைப் பக்கம் நான் போவல.

— அதான் விசயமா. எறா ஏவாரம் பண்ற மூஞ்சியா இதுன்னு நானும் காலையிலேந்து பாத்துக்கினே இருக்கேன்.

— பன்னெண்டு பட்டை போட்டுட்டா எவனும் வந்து என் கதவத் தட்ட மாட்டான். ‘இது லோடு வண்டி, பொம்பளைங்க ஏற முடியாது’ன்னு ஒரே பேச்சா பேசிடலாம். எறா செத்துதான் வண்டில ஏறுது சம்பந்தம். அதுக்கு யாரும் என்னப் பாத்து அழ மாட்டாங்க.

— அன்னைக்கு மரியம்மாவுக்கு எவ்வளவு ரத்தம் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க அரை மணி நேரம் லேட்டா வந்திருந்தா அவளும் இல்ல. போன வாரம் என்கிட்ட வந்தா. ‘டிரைவர் அண்ணா ஏன் எங்க பக்கம் வர்றதில்ல, எம்மேல கோவமா’ன்னு கேட்டா.

— மரியம்மாவா கேட்டுச்சி?

— அவதான். நான் என்ன பதில் சொல்றது?

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே போயி பாக்குறேன். கோவம்லாம் இல்லன்னு சொல்றேன். ஆனா இனிமே புள்ளத்தாச்சிய ஏத்த மாட்டேன் நர்சம்மா. சம்பந்தம், பட்டைய எடு.

— பாய், கேட்டுக்கோ, அந்த மெலிசு பட்டைய மட்டும் போட்டுப் பாத்தா—

— எட்றான்றேன்.

— சரி. அப்ப தை மாசம் உங்க வீட்டுக்கும் வேற வண்டிதான் பாக்கணும்.

— கணக்கு தப்பு நர்சம்மா. எங்க பொண்ணு சுராயாவுக்கு கார்த்திகைன்னு சொல்லிக்கிறாங்க. அது மெட்ராசுல மாப்ள வீட்டுலயே பெத்துக்கும். அங்க டாக்சிக்கா பஞ்சம்? எம் பேரப்புள்ள இந்த மணல்ல குலுங்கிக்கினு வர வேணாம்.

— உங்க பேரப்புள்ளய பத்தி நான் பேசல பாய்.

— பின்ன யாரு? எங்க வீட்டுல வேற யாரு இருக்கா, நானும் எம் பொஞ்சாதியுந்தான்.

— நேத்து துப்பட்டிய மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டு, கொல்லைப் பக்கமா என் ரூமுக்கு ஒருத்தங்க வந்தாங்க. மாசத் தீட்டு நின்னுபோற வயசு, அதான் வரலன்னு இருந்துட்டாங்களாம். ‘சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க, அவருகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல, நீங்களே சொல்லிடுங்க’ன்னு அழுதுக்கிட்டே அவங்களும் சிரிச்சாங்க. உங்க ஆமினா பீவிக்கு அஞ்சு மாசம் பாய்.