பத்து டிகிரி பொறுமை

உங்கள் மூக்குக்கண்ணாடி மூக்கின் பாதியிலேயே நிற்கிறது, ஐயா. காதுப் பக்கத்துக் கம்பியைச் சற்று வளைத்தால் மேலே ஏறிவிடும். வேண்டாமென்றால் விடுங்கள். முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் அதுதான் படும். நான் ஒரு புகார் கொடுக்க வந்தேன். அது உங்களுக்கு விளங்க வேண்டுமானால், என் பொறுமையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மற்றவர்கள் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து ஒட்டுவார்கள். இவன் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான், ஒட்டுவான், அவ்வளவுதான். நூலெல்லாம் கண் இல்லாதவனுக்கு என்பான். நிஜமாகவே கோடு நேராகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குளியலறைக்கும் அவன்தான் தரை போட்டான். கோடெல்லாம் நேர், வாட்டம் மட்டும் தப்பு. தண்ணீர் மூலையிலிருக்கிற ஓட்டைக்குப் போகாமல், படியைத் தாண்டிப் படுக்கையறைக்கு வந்தது. நாலாம் நாள் காலை என் மனைவி அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

அவளைப் பார்க்க மாமனார், மாமியார் என்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்று அவனும் வந்தான். நான் மரியாதையாகத்தான் வாட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"தரை சரியாத்தான் இருக்கு அண்ணே. உங்க பார்வைதான் கோணல். முதல்ல நீங்க ஒரு நல்ல கண்ணாடியா போடுங்க."

மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கட்டுப் போட்ட கையோடு என் மனைவிகூடச் சிரித்தாள். அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு மனைவி என்னிடம், அவர் என்ன வேண்டுமென்றா செய்தார், கடவுள் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தை நான் மீறவே இல்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

எட்டு மாதம் காத்திருந்தேன். கடவுள் ஒன்றும் செய்கிற வழியாகத் தெரியவில்லை. சகலைக்கு வேலை குவிந்தது, புது வண்டி வாங்கினான். கடவுளைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஆயிரம் வேலை. ஒன்பதாம் மாதம் அவன் தானாகவே என் கடைப் படியேறி வந்து, கொஞ்ச நாளாகப் பார்வை மங்குகிறது என்றான். நான் கூப்பிடவில்லை. பிறகு அவனை யார் அனுப்பியது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தொழிலில் நான் சுத்தம். நாற்பது நிமிடம் அவன் கண்ணைச் சோதித்தேன். அவனுக்குத் தேவைப்பட்ட லென்ஸை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தித்தான் ஃப்ரேமில் பொருத்த வேண்டும். அந்தக் கோணத்தைத் தாளில் சரியாக எழுதி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். வட்ட ஃப்ரேம் எடுத்துக்கொள், உன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றேன். வட்டத்தில்தான் லென்ஸைத் திருப்புவது சுலபம். பத்து டிகிரி திருப்பிப் பொருத்தினேன். பதினைந்து வை என்று மனம் சொன்னது. அடக்கிக்கொண்டேன்.

அதோடு, இது தப்பென்றால் அவன் வாயாலேயே சொல்ல வை என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். சகலை போட்டுப் பார்த்துவிட்டு, "தரை சாஞ்ச மாதிரி இருக்கே அண்ணே" என்றான். ரெண்டு வாரத்தில் பழகிவிடும் என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதான். அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. கடவுளுக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வீடு. வாசலில் முழு டைல்ஸாகத் தொடங்கிய வரிசை சமையலறைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிட்டது. சுவர்தான் கோணல் என்று சகலை கொத்தனாரோடு மல்லுக்கட்டினான். அடுத்து ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. பல்வலியோடு வந்தவர்கள் அந்தத் தரையைப் பார்த்துத் தலைசுற்றலையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நூல் பிடித்திருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பான். அவனுக்குக் கர்வம், அதற்கு நான் பொறுப்பில்லை. ஒவ்வொரு செய்தி வரும்போதும் மனைவியிடம், பார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பேன். உங்களுக்குப் பெரிய மனசு என்பாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, துடைத்துத் திருகு இறுக்கித் தருகிறேன் என்று வாங்கி, இரண்டு டிகிரி கூட்டினேன். பணம் வாங்கியதில்லை.

இரண்டு வருடத்தில் அவனை வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. சாலை ஒரு பக்கமாகச் சரிகிறது என்று வண்டியை விற்றான். படியில் தவறி விழுந்து முன்பல் ஒன்று போயிற்று. அப்புறம் ஒரு நாள் கடைக்கு வந்து, கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். டாக்டர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

"தலைக்குள்ள ஏதோ வந்திருச்சு அண்ணே. அக்கா கை உடைஞ்சு கிடந்தப்போ நான் கேலி பண்ணிச் சிரிச்சேன்ல, அதைத்தான் கடவுள் காட்டுறார். நான் போயிட்டா அவளையும் பிள்ளைங்களையும் நீங்கதான் பாத்துக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் தோளில் கை போட்டு, அவனுக்காக அரைமணி நேரம் வேண்டிக்கொண்டேன். சரியான கோணம் எழுதிய தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அப்போதுதான் அவனுக்குப் பணிவு வந்திருந்தது. பார்வை சரியாகிவிட்டால் அது போய்விடும். ஒருவனுக்கும் அவனுடைய கடவுளுக்கும் நடுவில் நாம் புகுந்து கெடுக்கலாமா. கண்ணீர் பட்டிருந்த கண்ணாடியை வாங்கித் துடைத்தேன். கையோடு இரண்டு டிகிரி கூட்டிக் கொடுத்தனுப்பினேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல், கடை பூட்டியிருந்தது. அவன் கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது. அவன் பெண்டாட்டி அதையும் அவனையும் அடுத்த தெருக் கடைக்கு அழைத்துப் போனாள். அந்தக் கடைக்காரன் அவன் கண்ணையும் சோதித்து, லென்ஸையும் மெஷினில் வைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, யார் போட்டது இது என்று கேட்டிருக்கிறான். சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மனைவி கடைச் சாவிக்கொத்தை எடுத்துப் போய் டிராயரைத் திறந்து, அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டாள்.

"எனக்குக் கை உடைஞ்சப்போ நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அவர் உங்களைப் பாத்துச் சிரிச்சதுக்குத்தான் ராத்திரி பூரா அழுதீங்க. எனக்காகச் செஞ்சேன்னு என் பேரைச் சொல்லாதீங்க."

அவளுக்கு இதெல்லாம் புரியாது. படித்தவள்தான், ஆனாலும் புரியாது.

நேற்று சகலை வீட்டுக்கு வந்தான். புதுக் கண்ணாடி, சரியான கோணம். அடிப்பான் என்று நினைத்து என் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் கட்டிலோரம் நேராக நின்று, பல் போன இடம் தெரியச் சிரித்தான்.

"உங்களை ஒண்ணும் சொல்லப்போறதில்ல அண்ணே. கடவுள்கிட்ட விட்டுட்டேன்."

பிறகு என் மனைவியிடம், திங்கட்கிழமை வந்து குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மிரட்டினானா என்று கேட்கிறீர்கள். இல்லை. கை ஓங்கினானா, அதுவும் இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கடவுளிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரிக்கிற ஆள் உள்ளுக்குள் என்ன செய்துகொண்டிருப்பான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும். நாளைக்குத் திங்கட்கிழமை. நான் செய்தது அத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன், வேண்டுமானால் இன்றே என்னை உள்ளே வையுங்கள். ஆனால் அவனைத் தடுத்து நிறுத்துங்கள், ஐயா. கடவுளை மட்டும் நம்பி அப்படிப்பட்ட ஆளை வீட்டுக்குள் விட முடியுமா?