இரண்டு பேருக்கான வரி

ஆளுக்கு ஆள் விதித்த வரியை நீக்கிவிட்டு, வீட்டின் பெறுமதியைப் பார்த்து விதிக்கும் கவுன்சில் டாக்ஸ் லண்டனுக்கு வந்த முதல் வசந்தம் அது. மனோர் பார்க் போகும் பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மழையில் கண்ணாடி மங்கி, வெளியே வீடுகள் மிதந்து போவதுபோல் இருந்தது.

"கவுன்சில் போர்மில ரெண்டு பேர் இருக்கிறம் எண்டு எழுதிப்போட்டன் அக்கா," என்றாள் இளையவள்.

"உனக்கென்ன விசரே? உன்ர மனுசன் இன்னும் கொழும்பில விசாவுக்கு அலையிறார். தனிய இருக்கிற ஆளுக்குக் காற்பங்கு வரி குறைப்பினம், தெரியாதே?"

"தெரியும். அந்தக் கட்டத்தில புள்ளடி போடத்தான் பேனையை எடுத்தனான். 'இந்த வீட்டில் நான் தனியாக வாழ்கிறேன்' எண்டு கிடந்தது. மூண்டு வருஷமா நான் ஆருக்கும் அப்பிடிச் சொன்னதில்லை. கை எழேல்ல."

"இப்பவும் திருத்தி அனுப்ப ஏலும்."

"ஏலும்தான். ஆனா நேற்று பில் வந்திட்டுது." அவள் கண்ணாடியை விரலால் மெல்லத் துடைத்தாள். "அவற்ர பேரும் என்ர பேரும் பக்கத்தில பக்கத்தில அடிச்சிருக்கு. கலியாணக் கார்டுக்குப் பிறகு இப்பத்தான் அப்பிடிப் பாக்கிறன்."

மூத்தவள் பஸ்ஸை நிறுத்த மணியை அழுத்தினாள். இறங்க எழுந்தபடியே கேட்டாள்.

"பேரெல்லாம் சரியா அடிச்சிருக்கினமே?"

"அவற்ர பேர் சரி அக்கா," என்று சிரித்தாள் இளையவள். "என்ர பேரிலதான் ஒரு எழுத்துப் பிழை."