செல்வத்தின் சுற்று

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் திருவேங்கடம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நாற்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர். முழங்கால்வரை காய்ந்த சேறு. சுவரில் சாய்த்து அவர்களுடைய மலையேறும் சைக்கிள்கள் இரண்டு.

"செத்தவனப் போயி கூப்பிட்டுட்டேன் வே" என்றார் ஒருவர்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரேஸ்லயா?" என்றார் மற்றவர்.

"ஆமா. நேத்து ரிலேல மொத ரவுண்டு முடிச்சு வாரேன்லா. நம்ம டீம்ல எனக்கு அடுத்து எப்பவும் செல்வம்தான. பழக்கத்துல, அடுத்தாளுக்குக் கெட்டுத கைப்பட்டைய அவுத்துக்கிட்டே, 'ஏலே செல்வம், ரெடியா நில்லுலே'ன்னு கத்திட்டேன். வந்து பாத்தா நீரு நிக்கீரு."

"கேட்டுச்சு."

"பெறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

மற்றவர் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேருக்கு ரெண்டு சைக்கிள்னு மாத்தி மாத்தி ஓட்டுன பழக்கம். நீரு வாரதுக்கு முன்னாலயே அவனுக்குன்னு சீட்ட எறக்கி வச்சிட்டேன் வே. அவன் கட்டையன்லா. நீரு பேரச் சொல்லிக் கத்துனப்பதான் அவன் இல்லங்கிறதே எனக்கு ஒறச்சுது."

"ஒடனே ஏத்திட்டீரா?"

"மனசு வரல. முட்டி இடிக்க இடிக்க அப்படியே ஓட்டுனேன்."