தாய்மாமன் வைத்த பேனர்

பேனரில் யார் படம் பெரிதாக இருக்கிறதோ அவரே விழா நாயகர் என்று நம்பும் முட்டாள் நான். செல்லூரில் ‘பெரும் விருது வென்ற விஞ்ஞானிக்கு வாழ்த்துகள்’ என்ற பேனரில், முழு உருவமாகக் கும்பிட்டு நின்ற மீசைக்காரரை விஞ்ஞானி என்றே நினைத்துவிட்டேன். மறுநாள் டவுன் பஸ்ஸில் அதே மீசைக்காரர், எனக்கு முன் சீட்டில் தன் அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“எம்மக என்னத்தடா கண்டுபிடிச்சா? சொல்லு பாப்போம்.”

“ஏதோ ராக்கெட்டுன்னாய்ங்க.”

“உப்புத்தண்ணிய நல்ல தண்ணியாக்குறதுடா! உம்மகனக் கட்டிக்காம படிக்கப் போயிட்டாள்னு இம்புட்டு வருசமா எங்க வாசப்படிய மிதிச்சியா? இப்ப ‘தாய்மாமன் ஆசியால்’னு எழுதிருக்க!”

“பேனர்ல அவளும் இருக்காளேக்கா.”

“இருக்கா, உன் செருப்புக்கிட்ட! சாயங்காலம் எம்மக வாரா. அதப் பாத்தா வந்த கார்லயே திரும்பிருவா. அதுக்குள்ள கழட்டு. இல்ல, நானே ஏறிக் கிழிப்பேன்.”

“ஊரு சிரிக்கும்க்கா.”

“சிரிக்கட்டும்.”

அந்த அம்மா இறங்க எழுந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. “மகளுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கம்மா” என்றேன்.

“பேனர் வைக்காம இருந்தாப் போதும்.”