அரைக்கட்டை

குணேஸ்வரிக்குத் தேத்தண்ணியில் அரைக்கரண்டி சீனிதான் போட வேண்டும். கூடினால் முகத்தைச் சுழிப்பாள். இந்த வீட்டில் அதெல்லாம் நான்தான் பார்த்துச் செய்கிறேன். இதோ, சோபாவில் இருக்கிறாளே, எவ்வளவு அமைதி. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஏன் நின்றது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

2001இல் மொன்ட்ரியாலில் தொலைக்காட்சியில் தமிழ் முகத்தைக் காண்பதே பெரிய புதினம். மொன்ட்ரியால்-நோரில் ஒரு பேஸ்மென்டில் திரைச்சீலை கட்டி, பாட்டு, பகிடி, பிள்ளைகளின் நடனம் எல்லாம் படம்பிடிப்போம். நடத்துவதும் பாடுவதும் என் மனைவி. கரோக்கிப் பெட்டிக்கு நான். அவளுக்கு நல்ல குரல், பொய் சொல்லக் கூடாது. சனம் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. கோயிலில் சிவராசா என்ற என் பெயரே மறந்துபோய், "குணேஸ்வரியின்ர மனுசன்" ஆகிவிட்டேன். ரொறொன்ரோ மேடைக்கும் கூப்பிட்டார்கள். இப்படியே போனால் ஒரு வீடு நிலைக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெட்டியில் சுருதியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி உண்டு. அவளுக்குச் சொல்லாமல் அரைக்கட்டை கூட்டினேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு அரைக்கட்டை. பெட்டியைச் சந்தேகிக்க அவளுக்கு வராது. பெட்டியடியில் இருந்தது நான் அல்லவா.

"என்னப்பா, மேல எட்டுதில்லை. என்ர குரல் போகுதோ?" என்று அழுதாள்.

"வயசும் போகுதெல்லே," என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு இருமலில் இரத்தம் வந்தது. நான்தான் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பேசியது பிரெஞ்சு. அவளுக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாது. நான் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக் கழுவிப் படித்தவன். தொண்டையில் காயம், சில மாதம் பாடவே கூடாது, பேச்சையும் குறைத்தால் முழுதாக ஆறிவிடும் என்றார் டொக்டர்.

"என்னவாம்?" என்றாள்.

"விடாமல் பாடட்டாம். விட்டால் தொண்டை இறுகிப்போகுமாம்."

பாவம், சொல்வழி கேட்கிறவள். காலையும் மாலையும் பாடினாள். நான் பக்கத்தில் இருந்து பெட்டியை ஓடவிட்டேன், அதே கூட்டின சுருதியில். அடுத்த வருடப் பொங்கல் நிகழ்ச்சியில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. அதற்குப் பிறகு குரல் திரும்பவேயில்லை.

ஆனால் பாருங்கள், வீடு நிலைத்தது. அவள் ஒரு இடமும் போவதில்லை. வருகிற சனத்துக்கு அவளுக்காக நான்தான் கதைக்கிறேன். இந்தத் திருகிக் கதையும் டொக்டர் கதையும் அவளுக்கும் புதிது; உங்களோடு சேர்ந்து இப்போதுதான் கேட்கிறாள். கரண்டியால் கோப்பையைத் தட்டுகிறாள், கேட்கிறதா? தேத்தண்ணி எல்லாம் சிந்துகிறது. நீங்கள் எழும்ப வேண்டாம், இருங்கள். சீனி கூடிப்போச்சாம். அவள் சொல்வது எனக்கு மட்டும்தான் விளங்கும்.