சட்டைப் பையில் ஆற்று மரம்

"ஸ்ட்ரோவுக்குள்ள மரமா தம்பி வச்சிருக்கீங்க?"

தெல்தெனியவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த, குளிர்பானக் கூல்பார் நடத்தும் முஸ்லிம் முதலாளி கேட்டார். அவர் பக்கத்தில் யாழ்ப்பாணத்து வாலிபர், மடியில் தமிழ்ச் சீட்டு ஒட்டிய, சர்பத் உறிஞ்சும் ஸ்ட்ரோக் கட்டு.

"ஓம் நானா. தேக்கைத் துளைச்சு எடுத்த மெல்லிய குச்சி, உடையாமல் இருக்க ஸ்ட்ரோவுக்குள்ள வச்சிருக்கிறன். அணை கட்டினாப்பிறகு, அணைக்குக் கீழ ஆத்தங்கரை மரத்தில வருச வளையம் ஒடுங்கிப் போச்சு. மேட்டு மரத்தில ஒடுங்கேல்லை. அப்ப மழையில பிழையில்லை, ஆத்தை மறிச்சதுதான்."

"எங்கட பழைய கடையும் அந்த அணைத் தண்ணிக்குள்ளதான் கிடக்குது."

தூரத்தில் சோதனைச் சாவடி தெரிந்தது.

"தம்பி, தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கீங்க. ஆமி கண்டா உங்கள இறக்கிருவான். கிழிச்சிருங்க."

"கிழிச்சா எது கரை மரம், எது மேட்டு மரம் எண்டு தெரியாது நானா. எல்லாம் வீணாப் போயிடும்."

முதலாளி மடியிலிருந்த தன் பேக்கைத் திறந்தார்.

"கிழிச்சிட்டு என்கிட்ட தாங்க. கூல்பார்க்காரன்ட கையில ஸ்ட்ரோ இருந்தா யாரு கேப்பா? மேட்டு மரம் என்ட பேக்ல கிடக்கட்டும். ஆத்து மரம் என்ட சட்டைப் பையில."

வாலிபர் சீட்டுகளைக் கிழித்து இரண்டு கட்டாகக் கொடுத்து முடிக்கவும் சிப்பாய் ஏறினான். வாலிபரின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கினான். பஸ் நகர்ந்ததும் முதலாளி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இருக்குது தம்பி. நாங்க கடை வச்சிருந்த காலத்துல இந்த மரம் குடிச்ச ஆத்துத் தண்ணியும் இதுக்குள்ளதானே இருக்குது?"

"ஓம் நானா."

கண்டி வரும்வரை அவர் அதை எடுக்கவில்லை.