ஊரவன் என்ற பெயரில்

கொமினிகேசன் கடையில் வேலை செய்தால் மற்றவர்கள் அழுவது பழகிவிடும். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் நேரம் பார்த்துச் சனம் வந்து வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும். தொலைபேசிப் பெட்டிக்குள் போனதும் கதவை இறுக்கிச் சாத்துவார்கள். கண்ணாடிக் கதவுதான், எல்லாம் வெளியே கேட்கும். நான் தலையைத் திருப்பாமல் விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்துகொண்டிருப்பேன்.

கடை திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்தது. முதலாளி ஸைனுலாப்தீன். 2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் கணினி வாங்கி இணைய இணைப்பும் எடுத்தார். நான் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்துபோவேன். வீட்டில் அக்கா நானும் தம்பி முத்தனும்தான். அவன் கடல் தொழில்.

அந்தக் காலத்தில் சல்லிக்காரர் நினைத்தபடி கடலில் இறங்க முடியாது. காலையில் அடையாள அட்டையைக் கடற்படைக் காவலரணில் கொடுத்துப் பாஸ் எடுக்க வேண்டும். கரைக்குத் திரும்பியதும் பாஸைக் கொடுத்து அட்டையை மீட்க வேண்டும். எல்லோருடைய அட்டைகளையும் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மீனவர் சங்கத் தலைவர் காசிநாதர். அவருக்குச் சிங்களம் வரும். பாஸ் சுணங்கக்கூடாது என்பதற்காக அங்கே எப்போதும் சிரித்த முகத்தோடு நிற்பார்.

ஆடி மாதம் முத்தனின் அட்டையில் படம் மங்கிவிட்டதென்று பாஸ் மறுத்தார்கள். மறுநாள் விடிய நான் காசிநாதர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, எப்பிடியாவது இண்டைக்குத் தம்பிக்கு எடுத்துக் குடுங்கோ. வீட்டில இருந்து என்ர உயிரை வாங்குறான்" என்றேன்.

அவர் கெஞ்சி எடுத்துக் கொடுத்தார். அன்று முத்தன் கடலில் சுடப்பட்டு இறந்தான். சுட்டது யாரென்று எவரும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை வீடு நிறையச் சனம். எங்கள் அடுப்பு எரியவில்லை. காசிநாதரின் மனைவி யோகமலர் அக்காதான் மூன்று வேளையும் சமைத்துக் கொண்டுவந்தார். பிறகு பந்தலைக் கழற்றினார்கள். சனம் தன் வேலைக்குப் போனது. என் முன்னால் முத்தனின் பெயரைச் சொல்லாமல் கதைக்கப் பழகிக்கொண்டார்கள். அது நல்லெண்ணம்தான்.

நான் கடைக்குத் திரும்பினேன். வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் முத்தனின் செய்தி இருந்தது. அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். "ஐயோ என் உடன்பிறப்பே." "இந்த முகத்தைப் பார்த்த பிறகு இரவு சாப்பிட முடியவில்லை." நோர்வேயில் ஒருவர் அவனுக்காக விளக்கு ஏற்றியிருந்தார். எல்லாவற்றையும் வாசித்தேன். புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் இடையில் பார்ப்பேன். அங்கே பந்தல் இன்னும் கழற்றப்படவில்லை.

பிறகு வேறோர் இடத்தில் பிள்ளைகள் செத்தார்கள். எங்கள் செய்தி கீழே போனது. முத்தனுக்காக அழுதவர்கள் அந்தப் பிள்ளைகளுக்காக அழுதார்கள். ஒருவர் அதே வசனத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். அவர்களில் குற்றம் சொல்லமாட்டேன். ஒருவருக்காக எத்தனை நாள் அழ முடியும்?

முத்தனின் செய்தியோடு அன்று காலை ஒரு பத்திரிகைக்காரர் காவலரணில் எடுத்த படமும் இருந்தது. யாரோ கீழே கேட்டிருந்தார்: "நேவிக்காரனோடு சிரித்துக்கொண்டு நிற்பவர் யார்?" ஒருவரும் பதில் எழுதவில்லை.

நான் எழுதினேன். பெயர் கேட்ட இடத்தில் 'ஊரவன்' என்று போட்டேன். "அவர் சல்லி காசிநாதர். முத்தனின் அடையாள அட்டையை அன்று காலை கடற்படையிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லோருடைய அட்டையையும் அவர்தான் கொடுப்பார் என்பதை எழுதவில்லை. போய்க் கேட்டவள் நான் என்பதையும் எழுதவில்லை. எண்பதுகளில் ஊரைவிட்டுப் போனவர்களுக்குப் பாஸ் நடைமுறை தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

மாலைக்குள் எல்லோரும் முத்தனின் செய்திக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். முத்தனின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏசினார்கள். துரோகி என்றார்கள். இவன் இன்னும் நடமாடுகிறானா என்று கேட்டார்கள். அழுகையைவிட ஏச்சு அதிக நாள் நிற்கும் என்பதை அப்போது கண்டேன். அதுவும் தணியத் தொடங்கிய ஒரு நாள், காசிநாதரின் வீடு எங்கே என்று ஒருவர் விசாரித்திருந்தார். கோயிலுக்கு வடக்கே இரண்டாம் ஒழுங்கை, நீலக் கேற் என்று எழுதினேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையாகப் படவில்லை.

அடுத்த வாரம் காசிநாதர் கடைக்கு வந்தார். ஸைனுலாப்தீன் முதலாளி பகிடி விட்டார்.

"என்ன காசிநாதர், இந்த வயசில கொம்பியூட்டர்? கனடாவில பொம்பிளை பாக்கிறீங்களோ?"

"இருக்கிற ஒண்டையே சமாளிக்க ஏலாமல் கிடக்கு முதலாளி."

சிரித்துவிட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டார்.

"பிள்ளை, மச்சான் கனடாவிலயிருந்து கோல் எடுத்து ஏசுறான். நான்தான் முத்தனைக் காட்டிக் குடுத்தனானாம். ஆரோ ஊரவனாம், எழுதிப்போட்டான். என்ர வீட்டுப் படலைக்கும் வழி சொல்லியிருக்கிறான். ரெண்டு நாளா ஒழுங்கைக்குள்ள தெரியாத மோட்டசைக்கிள் ஓடித் திரியுது."

"பொலிசிட்டச் சொன்னீங்களோ அண்ணை?"

"சொல்லி? பொலிசுக்குப் போனால் அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்கள். நீ எழுது. பாஸ் எடுக்கிற முறையை விளங்கப்படுத்து. உன்ர பேரையும் போடு. முத்தன்ர அக்காவே சொல்லுறா எண்டால் நம்புவாங்கள்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நல்ல மறுப்பு. அவர் மறந்த இடங்களை நானே சேர்த்தேன். படம் மங்கிய அட்டையையும், நான் விடியப் போய்க் கேட்டதையும் எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டேன். வாசித்துக் காட்டியபோது அவர் கண்ணைத் துடைத்தார்.

"போட்டாச்சோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

அவர் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பாமலே எல்லாவற்றையும் அழித்தேன். அது போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். பிறகு எழுந்து போய்விடுவார்கள். முத்தனைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். அத்தோடு, அன்று காலை அவனைக் கடலுக்கு அனுப்பியவள் யார் என்பதும் என் பெயரோடு எழுத்தில் நின்றிருக்கும்.

வெள்ளிக்கிழமை காசிநாதர் அட்டைக்கட்டோடு படலையைத் திறந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டார்கள். அட்டைகள் ஒழுங்கை முழுவதும் சிதறிக் கிடந்தன. தங்கள் தங்கள் அட்டையைத் தேடி எடுத்த பிறகுதான் சிலர் அழத் தொடங்கினார்கள்.

எட்டுவரை அவர்கள் வீட்டுக்கு நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் யோகமலர் அக்கா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"அவர் உன்னைக் கொண்டு எழுதுவிச்சதை அவங்கள் வாசிக்கேல்லையோடி?"

"வாசிக்கேல்லைப்போல அக்கா."

"நீ உன்ர பேரையும் போட்டுத்தானே குடுத்தனி. உனக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார்.

அவரும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

சுட்டவர்களை எனக்குத் தெரியாது. ஏசியவர்களையும் தெரியாது. பொய்யான ஒரு சொல்லை நான் எழுதவில்லை. சல்லியிலிருந்து ஒரே ஒருவராவது, "அது அப்படியில்லை, காசிநாதர் நல்ல மனிதர்" என்று அதன் கீழே எழுதியிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு நாளும் அதைத்தான் எதிர்பார்த்துத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிவருகிறேன். அந்த நாட்களில் சல்லியில் கணினியில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.